தூக்குமேடை ஓலையில் இரண்டு காற்புள்ளிகள்

நலம் பெருகுக. குதிரைகள் நுரை தள்ள வந்துசேரும் இவ்வோலை வாசிக்கப்படும் கணத்தில், தூக்குமேடையில் கயிறு மாட்டிக்கொண்டிருப்பவன் கை அப்படியே நிற்கக் கடவது.

பகைவர் நடுங்கும் பெருவீரர், மதில் காத்த மாமலை, முன்வைத்த காலைப் பின்வையாதவர், சேந்தன்கோட்டைத் தளபதி கடம்பராயர் திருமுன், செழுங்கோத் தேவரின் அமைச்சர் கருவேள் நம்பி எழுதுவிக்கும் ஓலை. தங்கள் கோட்டை வாழ்க, குடிகள் வாழ்க, தங்கள் ஆங்கிலப் புலமையும் நீடு வாழ்க.

முற்றுகையின்போது பரங்கிப் பீரங்கிக்காரர்கள் மதிலைவிட்டு ஓடினர் என்று தாங்கள் முறையிட்டீர்கள். ஓடிய பீரங்கிக்காரர்களைத் தூக்கிலிடுக என்று அரசர் பணித்தார். அவர்களும் படித்தறியட்டும் என்று ஆணை ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டுத் தங்களுக்கு அனுப்பப்பட்டது. அவ்வோலையை மேடைக் கம்பத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து அமைச்சர் முன் எறிந்தாள், பீரங்கிக்காரன் பெர்கின்சின் மனைவி அலர்மேல். நின்று சுட்டவனுக்கும் கயிறுதானா, உங்கள் அரசருக்குக் கண் அவிந்துபோயிற்றா என்று கேட்டாள்.

அமைச்சர் ஓலையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். ‘பீரங்கிக்காரர்கள்’ என்ற சொல்லை அடுத்து ஒரு காற்புள்ளி. ‘மதிலைவிட்டு ஓடியவர்கள்’ என்னும் துணைத்தொடர் முடிந்ததும் இன்னொன்று. ஆங்கிலத்தில் இப்படி வேலி கட்டிய தொடர் வெறும் கொசுறு; பிடுங்கி எறிந்தாலும் கட்டளை குறையாது. அதாவது எல்லோரும் ஓடினர், எல்லோருக்கும் கயிறு, விசாரணை வேண்டியதில்லை. வேலி இல்லையேல் அதே தொடர் சல்லடை. ஓடியவன் எவனென்று சலித்தெடுத்த பிறகே கயிறு. ஆளை அடையாளம் காட்டும் தொடருக்குக் காற்புள்ளி கூடாதென்பது பரங்கிப் பிள்ளைகளுக்கும் தெரியும். தங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கிறது, பாராட்டுகள்.

ஒன்று மட்டும் தெரியாமல் போயிற்று, பாவம். அரண்மனை எழுத்தர் ஓலையில் புள்ளியே குத்துவதில்லை. எழுத்தாணி முனை ஏட்டைக் கிழித்துவிடும். தமிழுக்கே குத்தாதவர் ஆங்கிலத்துக்கா குத்துவார்? தங்கள் காற்புள்ளிகள் இரண்டிலும் ஓட்டை விழுந்து, வெயில் ஒழுகுகிறது.

ஆகவே இங்கேயே சலித்துப் பார்த்தாயிற்று. அன்று மதிலில் வெடிமருந்து சுமந்தவள் அலர்மேல்; அவளே சாட்சி. பீரங்கிக்காரர் ஒருவரும் நகரவில்லை, ஓடியவர் வேறொருவர். அவர் முதுகைக் கண்ட மற்ற அத்தனை பேரும் இப்போது தங்கள் மேடையில் நிற்கிறார்கள்.

அரச முத்திரை பொறித்து, கருவேள் நம்பி கைச்சாத்திட்டு, ஓலை கொணர்ந்த குதிரைப்படையார்க்கு இடும் ஆணை: கயிற்றை அவிழ்க்க வேண்டாம், கழுத்தை மட்டும் மாற்றுக. நூலேணி வழியே இறங்கி ஓடிய கழுத்து, முன்வைத்த காலைப் பின்வையாத கடம்பராயருடையது.