நளீரிடம் மட்டும் கதைத்த பத்மாவதி

அச்சுவேலி
12.2.1944

அன்புள்ள மீனாம்பிகைக்கு,

திருகோணமலையில் நீரும் மகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். எனக்கு இங்கே குறையில்லை.

வெங்காயத் தோட்டக்காரி பத்மாவதியைப் பேட்டி கண்டு எழுதும்படி விரிவுரையாளர் இளைஞரோடு நான் படிக்கும் கிராமவாழ்வு வகுப்புக்குச் சொன்னார். நான் அவர் எழுதித் தந்த நாற்பது கேள்விகளையும் வரிசையாகக் கேட்டேன். ஓம், இல்லை என்பதற்குமேல் அவ வாய் திறக்கவில்லை. மறுநாள் என் வகுப்புப் பொடியன் நளீர் குறிப்புக் கொப்பியைத் தொடாமல், அவவோடு கூட இருந்து வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டினானாம். அவனிடம் அரைநாள் கதைத்திருக்கிறா! விரிவுரையாளர் அவன் எழுதியதை வகுப்பில் வாசித்துப் புகழ்ந்தார். இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிந்தது. உமக்கு மட்டும் சொல்கிறேன்.

நேற்று நானும் கொப்பியில்லாமல் போய் வெங்காயம் கட்ட இருந்தேன்.

"ஐயாவுக்கு வீட்டிலை ஆர் இருக்கினம்?" என்று கேட்டா.

பிறகு பொழுதுசாயும்வரை கதைத்தது நான்தான். உமது சமையல், கோபம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

எழும்பும்போது, "நளீர் தம்பி இவ்வளவு கதைக்கிறேல்லை, ஐயா," என்று சிரித்தா.

என் பழைய மூக்குக்கண்ணாடியையும் கொஞ்சம் எள்ளுருண்டையும் அனுப்பும். தபாற்காரர் வந்துவிட்டார். திங்கட்கிழமை பேட்டி அறிக்கை கொடுக்காவிட்டால் என்னை வகுப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். எழுதுவதற்கு என்னிடம் உம்மைப் பற்றித்தான் இருக்கிறது.

உமது,
அருளம்பலம்