எலிகளுக்குப் பலித்த மருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். அடுப்படி விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். நாளை பள்ளிக்குப் போகும் வழியில் தபாலில் சேர்த்துவிடுவேன். போனில் சொல்லலாமே என்பாய். நீ கூப்பிட்டாலே அப்பா ஸ்பீக்கரைப் போட்டு, பட்டறை ஆட்களையெல்லாம் வரவழைத்துவிடுகிறார்.

உங்கள் ஆய்வகத்தில் ஒரு செடியின் இலையிலிருந்து பிரித்தெடுத்த பொருளைக் கொடுத்ததும், ஒவ்வாமை உள்ள எலிகளுக்கு மூச்சுத்திணறல் வரவில்லை என்று போன மாதம் சொன்னாயே. அதைக் கேட்டதுமே அப்பா எல்லோரிடமும் சொல்ல வெளியே ஓடிவிட்டார். மனிதர்களுக்குக் கொடுக்க இன்னும் பல வருஷம் ஆகும் என்று நீ பிறகு சொன்னது என் காதில் மட்டும்தான் விழுந்தது. நான் சொல்லிப் பார்த்தேன். நீ அடக்கமாகப் பேசுகிறாயாம்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த இலையைக் காய்ச்சி எனக்கு ஒரு டம்ளர் தருகிறார். கசப்பைப் பொறுத்துக்கொள்வேன். அது அந்த இலைதானா என்பதே சந்தேகம். பட்டறையில் பெயின்ட் அடிப்பவர் காட்டிய செடி அது. ஒவ்வாமை வந்து மூச்சு முட்டினால் போடுவதற்கென்று வைத்திருக்கும் என் ஊசியும் காலாவதியாகிவிட்டது. புதிது வாங்க வேண்டும் என்று அம்மா நினைவுபடுத்தியதற்கு, "பெரியவ மருந்தே கண்டுபிடிச்சிட்டா, இனிமே ஊசி எதுக்கு?" என்று சிரித்தார்.

வருகிற ஞாயிறு அல்ல, அதற்கடுத்த ஞாயிறு எனக்கு வேர்க்கடலை கொடுத்துப் பார்க்கப் போகிறார். "ஒண்ணே ஒண்ணுதான்டி. அப்பா பக்கத்துலயே இருப்பேன்" என்றார். நான் என்ன எலியா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அப்பா மேல் கோபப்படாதே. இரண்டு வருஷத்துக்கு முன்பு வேர்க்கடலை தின்று உதடு வீங்கி எனக்கு மூச்சு முட்டியபோது, தொடையில் ஊசியைக் குத்தியது அவர்தான். அன்று லாரி வேலையை எல்லாம் போட்டுவிட்டு, ராத்திரி முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊசியை இனித் தொடவே கூடாது என்றுதான் இவ்வளவும் செய்கிறார். அதனால்தான் வேண்டாம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ சொன்னால் கேட்பார். நான் எழுதியதைக் காட்டிக்கொடுத்துவிடாதே. பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அவர் மனம் நோகாமல் சொல்.

பரீட்சைக்கு நன்றாகப் படிக்கிறேன். அடுத்த மாதம் நீ வரும்போது மதிப்பெண்களை நானே காட்ட வேண்டும் என்று ஆசை. அந்த ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமைக்குள் அப்பாவைக் கூப்பிட்டுவிடு, அக்கா.

உன் அன்புத் தங்கை,
வாண்டு