நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் கதவு

அன்புள்ள சின்னவளுக்கு, அம்மா எழுதுவது. நான் சுகம், என் மூட்டுவலியும் சுகமாகவே இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். கொள்ளைநோயைப் பற்றி நாவல் எழுதியவளுக்கு உடம்பைப் பார்த்துக்கொள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போன ஞாயிறு நூலகத்தில் உன் புத்தகத்துக்குக் கூட்டம் போட்டார்கள், அக்காவும் மாப்பிள்ளையும் என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். உன் கதையில் வரும் ஒழுகும் குழாய் மக்களின் கண்ணீராம். வாஷர் போனால் எந்தக் குழாயும் ஒழுகும், நம் வீட்டில் நீ பிறந்த வருஷத்திலிருந்து ஒழுகுகிறது. ஒற்றைக்கண் பூனை சட்டமாம். பக்கத்து வீட்டுத் தையல்காரர் எழுந்து, அது எங்க பூனைங்க, சண்டையில கண்ணு போச்சு என்றார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை ஒரு படி மேலே போய், காய்ச்சலே ஓர் உருவகம்தான், அது பயத்தைக் குறிக்கிறது என்று அரை மணி நேரம் பேசினார். காய்ச்சல் காய்ச்சலைத்தான் குறிக்கிறது என்று எனக்குத் தோன்றியது, மாப்பிள்ளையாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் எல்லாரும் வந்து நின்றது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில். அப்பா கதவைத் தட்டுகிறார், கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. ஒரு சமூகம் தன் மனசாட்சியையே வெளியே நிறுத்திவிட்டதன் குறியீடு இது, இந்த ஒரு வரிக்காகவே புத்தகம் நிற்கும் என்றார் கூட்டத் தலைவர். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

நீ எழுதியது அப்படி இல்லையே. அதிகாரிகள் வெளியே பூட்டிவிட்டுப் போனார்கள் என்றுதான் எழுதியிருந்தாய். வரியை மாற்றியது யார் என்று நீ அச்சகத்துக்குக் கோபமாக எழுதிய கடிதத்தால், அங்கே பக்கம் அமைப்பவரை மாசக் கடைசியோடு வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார்களாம். இரண்டு பிள்ளைக்காரர், நேற்று வந்து, சத்தியமா நான் கை வைக்கலம்மா என்று கண் கலங்கினார். அவர் தொடவில்லை. மாற்றியது நான். அச்சுக்கு முந்தின கடைசி மெய்ப்பைப் பிழை பார்க்க என்னிடம்தானே அனுப்பினாய். முப்பத்தோரு வருஷம் மெய்ப்புத் திருத்தியவள், தப்பான தகவலைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஓரத்தில் குறித்து ஆசிரியரிடம் கேட்பதுதான் முறை. ஆசிரியர் என் மகளாகப் போனதால் கேட்க வாய் வரவில்லை, சிவப்புப் பேனாவால் அடித்து எழுதிவிட்டேன்.

பூட்ட யாரும் வரவில்லை, கண்ணு. அது நான் உனக்குச் சொன்ன பொய். அந்தக் காய்ச்சல் வந்தபோது உனக்கு நாலு வயது, அக்காவுக்கு ஏழு. ஆம்புலன்ஸ் ஓட்டிவிட்டு மத்தியானம் அப்பா வந்தார், இருமல் படியிலேயே கேட்டது. தாழ்ப்பாள் போட்டேன். மூன்று முறை தட்டினார். அப்புறம், பிள்ளைங்க சாப்பிட்டாங்களா என்று கேட்டார். சாப்பிட்டாங்க என்றேன். சரி, திறக்காதே என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார். ஒன்பதாம் நாள் தகவல் வந்தது. நான் செய்தது சரி என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நானும் தினமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் ஜன்னலையாவது திறந்து அவர் முகத்தைப் பார்த்திருக்கலாமே என்று மனசு ஆறவே மாட்டேனென்கிறது.

இன்று காலை நானே அச்சகத்துக்குப் போய்ச் சொன்னேன். எழுதியவங்க கைப்படக் கடிதம் வேணும் என்கிறார் முதலாளி. மறக்காமல் இன்றே எழுதிப் போடு, அம்மாதான் செய்தாள் என்று எழுது, வெட்கப்படாதே. அடுத்த பதிப்பில் உன் இஷ்டப்படி மாற்றிக்கொள், புத்தகம் உன்னுடையது. எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வயது வாழ வேண்டும். என்மேல் கோபம் வந்தால் ஃபோனில் கத்தாதே, காது சரியாகக் கேட்பதில்லை. நேரில் வந்து கத்து. திறப்பேன்.

உன் அம்மா