காமாலைக்குப் போட்ட மாலை

ஆம்பூர்,
14-2-1983

ரியாத்தில் இருக்கும் என் கணவர் கலீமுல்லா அவர்களுக்கு ஜஹீதாவின் ஸலாம்.

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உங்கள் அம்மாவுக்கு மூட்டுவலி ஜாஸ்தி. உங்கள் தம்பி சத்தாருக்கு தோல் டேனரியில் மறுபடி வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

பிள்ளை பிறந்து ஐந்து மாதமாகியும் ஒவ்வொரு கடிதத்திலும் அந்த ஊசியைப் பற்றியே கேட்கிறீர்கள். கடைசித் தடவையாகச் சொல்கிறேன். ஏழாம் மாதம் வலி எடுத்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குறைமாதத்தில் பிறந்துவிட்டால் குழந்தைக்கு மூச்சுத் திணறக்கூடாது, நுரையீரல் தேற வேண்டும் என்றுதான் எனக்கு அதைப் போட்டார்கள். வலி நின்றது. மாதம் நிறைந்துதான் பிறந்தான், கொழுகொழுவென்று பிறந்தான். உங்கள் அம்மா அவனை மடியைவிட்டு இறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபின் பிள்ளைக்குக் கண்ணும் உடம்பும் மஞ்சளாயிற்று. நிறைமாதப் பிள்ளைக்கும் காமாலை வரும், ஊசியால்தான் வந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் ஏறவிட்டால் மூளையையும் காதையும் தாக்கும், உடனே சேர்த்து விளக்கு வெளிச்சத்தில் படுக்க வையுங்கள் என்று லேடி டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். சத்தார் உங்களுக்குத் தந்தி கொடுத்தார். ஆஸ்பத்திரி வேண்டவே வேண்டாம் என்று பதில் தந்தி அடித்தீர்கள். ஊசி மருந்துதான் பிள்ளையின் ஈரலைக் கெடுத்தது என்று உங்கள் அறையில் தங்கியிருக்கும் தோஸ்த் சொன்னாராம். லாரி ஓட்டுகிறவருக்கு ஈரலைப் பற்றி என்ன தெரியும்?

அந்தத் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் அம்மா வாசலை மறித்தார். பேர்ணாம்பட்டிலிருந்து ஒருவரை வரவழைத்து, மந்திரித்த மூலிகை மாலையைப் பிள்ளை தலையில் வைத்தார்கள். காமாலை இறங்க இறங்க மாலை நீளுமாம். நீளத்தான் செய்தது. கழுத்துக்கு வந்தது, வயிற்றுக்கு வந்தது. எறங்கிடிச்சி பாரு, எறங்கிடிச்சி பாரு என்று உங்கள் அம்மா தெருவெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பச்சைக் காம்பு காய்ந்தால் சுருங்காதா, முடிச்சு தளர்ந்து நூல் நீண்டு தொங்காதா? பிள்ளை பால் குடிப்பதையே விட்டுவிட்டான். முதுகை வளைத்துக்கொண்டு வீலென்று கத்தினான்.

நான் யாரையும் கேட்கவில்லை. மாலையை அறுத்துப் போட்டுவிட்டுப் பச்சை உடம்போடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன். ரத்தத்தை மாற்றி உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஏனம்மா இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டார். என் வீட்டுக்காரர் தந்தி அடித்தார் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

உங்கள் கேசட் வந்தது. மகனுக்குப் போட்டுக் காட்டு, என் குரலுக்குத் திரும்புகிறானா எழுது என்று பேசியிருந்தீர்கள். அவன் காதருகே வைத்துப் போட்டேன். சத்தத்தை முழுக்க ஏற்றினேன். பக்கத்து வீட்டு சைரா ஓடி வந்து, இன்னாக்கா இவ்ளோ சத்தம் என்றாள். அவன் என் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். போன வாரம் வேலூரில் அவன் காதைச் சோதித்துப் பார்த்து, அவர்களும் சொல்லிவிட்டார்கள்.

இனி கேசட் அனுப்பாதீர்கள். அல்லாஹ் உங்களை நல்லபடியாக வைக்கட்டும், சீக்கிரம் லீவு கிடைக்கட்டும். வந்தால் வாசலில் நின்று அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். உள்ளே வந்து, அவன் பார்க்கிற மாதிரி எதிரே உட்காருங்கள்.

உங்கள் மகனின் தாய்,
ஜஹீதா