மூன்றாவது கியர் மலை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காவிரிப் பாலத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு டவுன் பஸ் முக்கி முனகிப் போய்க்கொண்டிருந்தது. பிரேக் பிடித்துக்கொண்டுவிட்டது போல. லைனிங் கருகும் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. என்னோடு வந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான், சொன்னால் சிரிப்பாய், சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு நன்றாக ஒரு மூச்சு இழுத்துக்கொண்டேன். மலையிலிருந்து இறங்கி வந்து நிற்கும் பஸ்களுக்குப் பக்கத்தில் நாம் இரண்டு பேரும் டிரைவர்களிடம் வாயைக் கொடுத்துக்கொண்டு நிற்போமே, அப்போது அடிக்கும் அதே வாசனை.

அந்தப் பெண் உறையூர்க்காரி. பல் டாக்டர். நம் சைக்கிள் குழுவில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பாலம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து, "அக்கா, முக்கொம்பு, கல்லணைன்னு சமதரையிலயே ஓட்டி போரடிக்குது. ஒரு மலை ஏறணும்க்கா. முதல் தடவைக்கு எது சரியா இருக்கும்? நம்ம குரூப்ல பச்சமலைய கால் ஊனாம ஏறினது நீங்க ஒருத்தர்தானாமே!" என்றாள்.

அடிப்பாவி! நீ போய் மூன்று வருடம் ஆகிறது. நீ அடித்த தம்பட்டம் இன்னும் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அது பொய்யடி. உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியது. சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உனக்கு நினைவிருக்கும், நமக்கு இந்தப் பைத்தியம் பிடித்தபோது இரண்டு பேருக்கும் நாற்பத்தைந்து. மாதா கோயிலில் முதல் பூசை முடிந்து நீ எடமலைப்பட்டி புதூரிலிருந்து கிளம்பி வருவாய். ஸ்ரீரங்கத்தில் நான் வீட்டுக்காரருக்குக் காபியைப் போட்டு மூடி வைத்துவிட்டுத் தெருமுனையில் நிற்பேன். கல்லணை ரோட்டில் நாம் பேசிக்கொண்டே ஓட்டியதில் குழுவில் இருந்த ஆம்பிளைகள் எல்லாம் முன்னால் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்பி எதிரே வருவார்கள். சமதரையில் எவ்வளவு தூரமும் ஓட்டுவோம். ஏற்றம் என்றால் மட்டும் தொடை நடுங்கும். ஊருக்கு அடையாளமே ஒரு மலைக்கோட்டை; அதில் ஏறப் படிக்கட்டுதான் உண்டு. சைக்கிள்காரிகளுக்கு மேடு வேண்டுமென்றால் பாலத்துக்குத்தான் போகவேண்டும். ரயில்வே மேம்பாலத்தில் நாம் ஆறு தடவை ஏறி ஆறு தடவை இறங்கியதைப் பார்த்து, கொய்யாப்பழம் விற்ற அம்மா, "ஏங்க, ஏதாச்சும் தொலைச்சுட்டீங்களா? நானும் தேடட்டுமா?" என்று கேட்டதே! நீ சிரித்த சிரிப்பில் சைக்கிளோடு சாய்ந்துவிட்டாய்.

நிஜமான மலைக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தது நீ. எந்த மலை என்று நான் போனில் தேட ஆரம்பித்தேன். இத்தனை சதவீதம் சரிவு, அத்தனை மீட்டர் ஏற்றம் என்று வாசித்துக் காட்டினால் உனக்கு எரிச்சலாக வரும். "இதெல்லாம் எவனோ வீட்ல உக்காந்து போட்டதுடி. பஸ் எந்த கியர்ல ஏறுதுன்னு கேப்போம். இன்ஜின் பொய் சொல்லாது" என்றாய். துவாக்குடித் தொழிற்சாலையில் வெல்டிங் சோதிக்கிற வேலை உனக்கு. எதையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவாய்.

அப்படித்தான் ஆரம்பித்தது. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு டிரைவரிடம் கேட்பாய்: "அண்ணே, மேல போறப்ப எந்த கியர்ல போவீங்க?" நாலு என்றால் அது வெறும் மேடு. மூணு என்றால் நம்மைப் போன்ற புதுசுகளுக்கு ஏற்ற மலை. ரெண்டு என்றால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். கொல்லிமலை டிரைவர், "ரெண்டுதாம்மா, சில வளைவுல ஒண்ணு போட்டாத்தான் நகரும்" என்றபோது, நீ உண்மையாகவே கைகூப்பி அவரைக் கும்பிட்டாய். பச்சமலை டிரைவர்தான் நம் வயிற்றில் பாலை வார்த்தார். "மூணுலயே போயிரும்மா." என் கையைக் கிள்ளிவிட்டாய். இரண்டு நாள் சிவந்திருந்தது.

அவர் ஓட்டியது காலை முதல் பஸ் என்பதை நாம் யோசிக்கவே இல்லை. விடியலில் அது மேலே காலியாகப் போகும். மலை ஜனம் கீழே துறையூருக்கு வரத்தான் நெரிசலாக இறங்கும். காலி பஸ் மூணாவது கியரில் ஏறாமல் என்ன செய்யும்? ஆள் நிறைந்திருந்தால் அதுவும் ரெண்டுதான். அது தெரியாமல் உன் பழைய காரின் பின்னால் இரண்டு சைக்கிளையும் கட்டிக்கொண்டு போனோம். அடிவாரத்தில் ஒரு பந்தயம் வேறு: கால் ஊனாமல் ஏறவேண்டும். தரையில் ஒரு கால் பட்டாலும் அந்தத் தடவை ஏறியதாகக் கணக்கில்லை.

நான் அவசரக்குடுக்கை. முன்னால் போனேன். நீ உன் போக்கில் நிதானமாகப் பின்னால் வந்தாய். கொஞ்ச நேரத்தில் உன்னைக் காணவில்லை. அதற்குப் பிறகு எனக்கு மூச்சு வாங்கியது மட்டும்தான் ஞாபகம். எங்கேயோ ஒரு வளைவில் காலை ஊனிவிட்டேன். எந்த வளைவு என்றுகூடப் பார்க்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. நீ பார்த்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் தள்ளுவதும் கொஞ்சம் மிதிப்பதுமாக மேலே ஓடினேன். அப்போதுதான் மரவள்ளிக்கிழங்கு ஏற்றப் போகும் குட்டியானை வண்டி ஒன்று வந்து நின்றது. "ஏறுங்கக்கா, சும்மாதான் போறேன். கீழ இன்னொரு அக்கா தள்ளிக்கிட்டு வராங்க. கேட்டேன், வேணாம்னுட்டாங்க" என்றான் டிரைவர்.

நீ வேண்டாம் என்ற வண்டியில் நான் ஏறினேன்.

டீக்கடைக்கு ஒரு வளைவு முன்னாலேயே இறங்கிக்கொண்டேன். முகத்தைக் கழுவாமல், வேர்வையோடு உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாய். "ஏறிட்டியாடி?" என்றாய். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது, ஒரு தலையாட்டல். நீ சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாய். "ஏங்க, இவ கால் ஊனாம ஏறிட்டா! முதல் தடவையே!" என்று டீக்கடைக்காரரிடம் கத்தினாய். இரும்பில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவளுக்கு என் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். நீ விடவில்லை. இன்னும் மூன்று தடவை போனாய். எனக்குத் திடீரென்று முட்டி வலி வந்துவிட்டது. பொய் முட்டி, பொய் வலி. உன் காரை ஓட்டிக்கொண்டு நான் பின்னாலேயே வந்தேன். மூன்று தடவையும் ரோட்டோரச் சிமென்ட் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் மிதித்துவிட்டு, சரியாக அங்கே காலை ஊனினாய். ஒவ்வொரு தடவையும் திரும்பி என்னைப் பார்த்து, "உன்னால முடிஞ்சுதே, எனக்கு ஏன்டி முடியல?" என்று கேட்டாய். "அடுத்த தடவை பாக்கலாம் விடு" என்றேன். நான் சொன்னதிலேயே அசிங்கமான வார்த்தை அதுதான்.

புத்தூர் ஆஸ்பத்திரியில் நீ பாதியாக இளைத்துக் கிடந்தபோதும் அதைத்தான் பேசினாய். "உன்ன மாதிரி ஒரு தடவ ஏறிட்டுப் போயிருக்கலாம். எனக்குத்தான் தம் பத்தல." நான் வாயைத் திறந்துவிட்டேன். சத்தியமாகத் திறந்துவிட்டேன். உன் தம்பி இளநீரோடு உள்ளே வந்தான். மூடிக்கொண்டேன். அவன் வராவிட்டால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லையடி.

பல் டாக்டர் கேட்ட பிறகு எனக்கு ஒரு வாரம் சரியாகத் தூக்கம் இல்லை. கடைசியில் அவளைப் பச்சமலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அடிவாரத்தில் பஸ் டிரைவரிடம் ஒழுங்காகக் கேட்டேன், "ஆளோட போறப்ப எந்த கியருங்க?" என்று. "ரெண்டும்மா" என்றார். அவளிடம் சொன்னேன்: "கால் ஊனலாம்மா, தப்பே இல்ல. நின்னு தண்ணி குடிச்சுட்டுப் போ." ஆனால் எனக்கு நானே அந்தச் சலுகையைக் கொடுக்கவில்லை. ஒரு தடவையாவது உன்னோடு போட்ட பந்தயத்தை ஒழுங்காக ஆடிப் பார்க்கவேண்டும். முன்னால் ஓடவில்லை, உன்னைப் போல நிதானமாக மிதித்தேன். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. எல்லாத் தெம்பும் தீர்ந்து ஒரு வளைவில் காலை ஊனினேன். ஊனிய பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

தொட்டி மேலே இருந்தது. இன்னும் இரண்டு வளைவு தாண்டி.

நடு ரோட்டில் நின்று அழுதேன். பின்னால் வந்த அந்தப் பெண் பயந்துபோய், "என்னாச்சுக்கா, முட்டியா?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். குட்டியானை, தலையாட்டல், தொட்டி, ஆஸ்பத்திரி, எல்லாம். அவள் என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். நான் குடித்து முடித்ததும், "அப்போ இந்த மலையில உங்க ரெண்டு பேர்ல அதிகமா ஏறினது அவங்கதானா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, அவதான்" என்றேன். மறுநாள் குழுவில் எல்லாருக்கும் அதையே எழுதிப் போட்டேன். இனி யார் கேட்டாலும் அதையே சொல்வேன். ஊரே தெரிந்துகொள்ளும். உன்னிடம் சொல்லாததை மட்டும் நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பேன்? உனக்குத் தம் பத்தாமல் இல்லையடி. என்னைவிட இரண்டு வளைவு மேலே போனவள் நீ. அது தெரியாமலே போய்விட்டாய்.