மான் மோந்த ஜாக்கெட்

தூரத்து வெஸ்ட்மீட்டில் தங்கி வேலை பார்க்கும் என் பெண்டாட்டிக்கு,

எப்போது வருவாய் என்று கேட்க இதை எழுதவில்லை. நான் வேட்டைக்கு வில் வாங்கி வந்தபோது "மான் அடிக்கிற மூஞ்சியப் பாரு!" என்று நீ சிரித்தாயே, அந்த வில்லை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை நண்பன் கெல்வினோடு காட்டுக்குப் போனேன்.

மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெண் மான் மேய்ந்துகொண்டே கிட்டே வந்தது. நாணை இழுத்தேன். அப்போது பார்த்துக் காற்று திரும்பியது. மான் தலையைத் தூக்கி என் பக்கமாக மோந்து பார்த்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிவிட்டது.

கெல்வின் என் காலரை மோந்து பார்த்தான். "என்னா அண்ணே, சர்ச் மாதிரி மணக்குது! துவைச்சிட்டு வாங்க. இல்லாட்டி ஒரு மானும் கிட்ட வராது."

வீட்டுக்குள் புகை போட்டால் அலாரம் கத்துகிறதென்று, தலைக்குக் குளித்துவிட்டு கராஜில் நின்று கூந்தலுக்குச் சாம்பிராணி காட்டுவாயே, நான் வேட்டைக்குப் போட்டுப் போன இந்தக் குளிர் ஜாக்கெட் அங்கேதான் மாட்டியிருந்தது. வீட்டில் வேறெதிலும் இப்போது அந்த வாசம் இல்லை.

வாஷிங் மெஷினில் போட்டேன். பட்டனை அழுத்தாமல் திரும்ப எடுத்துவிட்டேன். மான் ஓடினால் ஓடட்டும்.

கராஜில் ஒரு ஹீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். இனிமேல் ஈரத் தலையோடு நீ குளிரில் நிற்க வேண்டாம்.

கிரான்பர்னிலிருந்து,
உன் வீட்டுக்காரன்