பச்சை ஒயர்

சனிக்கிழமை, ராத்திரி.

தூக்கம் வரல. உதடு இன்னும் சுருசுருங்குது.

நாளைக்கு மலையடிவாரத்து மண்டபத்துல கல்யாண ரிசப்ஷன், எங்க பாட்டு. என் கிட்டார் ஆம்ப் ஒண்ணு மட்டும் கடைசி வரிசைக்கு எட்டாதுன்னு இன்னொரு ஆம்ப் வாடகைக்கு எடுத்தோம். இன்னிக்கு அங்கேயே ஒத்திகை. என்னோடதுலேர்ந்து அதுக்கு ஒரு ஒயர் போட்டதும் சத்தம் நல்லா வந்துது. கூடவே உம்முனு ஒரு இரைச்சல்.

அக்கா வீட்டுக்காரர், எங்க பாவாதான் மைக்செட். அவருக்கு மண்டபத்துக்காரங்க எதிர்ல மானம் போவுதாம். "ரெண்டையும் ஒரே போர்டுல சொருகிப் பாக்கலாமா பாவா"ன்னேன். காதுலயே வாங்கல. ரெண்டு பிளக்கையும் திறந்து எர்த்தோட பச்சை ஒயரை வெட்டி விட்டாரு. இரைச்சல் நின்னுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க.

கிட்டார் கம்பியில கை வச்சிகினு மைக்குல வாய் வச்சேன். சுரீர்னு அடிச்சுது.

"பாவா, ஷாக் அடிக்குது."

"ஆங், ஈரக்கையா இருக்கும். தொடைச்சிகினு பாடும்மா."

தொடைச்சேன். மறுபடியும் அடிச்சுது. கூட இருந்தவங்க சிரிச்சாங்க. பாவாவை எதுத்துப் பேசக் கூடாதேன்னு நானும் சிரிச்சேன். அதை நெனச்சாதான் பத்திகினு வருது.

விடிஞ்சதும் அவர் வர்றதுக்கு முன்னாடியே மண்டபத்துக்குப் போறேன். ஷாக் அடிக்காம காப்பாத்துற அந்த ரெண்டு பச்சை ஒயரையும் திரும்ப மாட்டிடப் போறேன். இரைச்சல் வந்தா வரட்டும். அத்தனை பேர் எதிர்ல திட்டினாலும் திட்டட்டும்.

முதல் பாட்டு அக்காவோடது. என் கிட்டாரை அவளே மாட்டிகினு பாடப் போறா.